மதியம் ஒரு மணிக்கு எங்கே இருப்பீர்கள்?

தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். 'நல்ல ஹோட்டலா பாத்து நிறுத்துப்பா' என்று டிரைவரிடம் சொன்னால், அவர் நெய் ரோஸ்ட் கிடைக்கும் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். தங்குவதற்கு நம்மிடம் இருந்த சொல் லாட்ஜ். சினிமாவில் போலீஸ் ரெய்டு நடத்தியே அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள். இப்போது முட்டுச்சந்தில் இருக்கும் எட்டு அறைக் கட்டடம்கூட 'ரெசிடென்ஸி' ஆகிவிட்டது. மிச்சமிருப்பது 'ரூம் போடுவது' மட்டும்தான். 'ரூம் போட்டு யோசிப்பாங்களோ' என்று அடுத்தவரைக் கேலி செய்கிறோமே தவிர, ரூம் போடுவதற்கு முன்னால் நாம் யோசிக்கிறோமா என்றால், ம்ஹூம்.

இந்த வாரம் நான் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவல் இல்லை, கவிதைத் தொகுப்பும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். 'நகரின் இதயப் பகுதியில் அமைந்துள்ள ஹோட்டல்.' டூர் கம்பெனி நோட்டீஸ், ரூம் புக் பண்ணும் ஆப், விமானத்தில் சீட்டுப் பையில் செருகியிருக்கும் பளபளா பத்திரிகை என்று எதைத் திறந்தாலும் இந்த வாக்கியம் கண்ணில் படுகிறது. கோடை லீவில் நாலு நாள் ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்' என்ற விளம்பரத்தை நம்பி மனை வாங்கிய பரம்பரை நாம். இந்த வாக்கியத்திடமும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டாமா?

பொதுவாகப் பேசினால் உபதேசமாகிவிடும். ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ரோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி ஜூன் மாதம் ரோமுக்குப் போகப்போகிறார்கள். கணவர் ரிட்டயரான தலைமையாசிரியர். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி. வாழ்க்கையில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம், அதுவும் பி.எஃப். பணத்தில். இன்னொரு முறை போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்கிற வசதி அவர்களுக்குக் கிடையாது. அவர் கையில் ஒரு டூர் நோட்டீஸ் இருந்தது. 'ரோம், 2 இரவுகள்' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் ஒரு ஹோட்டல் பெயர், 'அல்லது அதற்கு இணையானது.' அந்த ஹோட்டலை மேப்பில் தேடிப் பார்த்தால், ரோமைச் சுற்றி 68 கிலோமீட்டருக்கு ஒரு வட்டச்சாலை ஓடுகிறதே, அதற்கும் வெளியே இருக்கிறது. திருப்பெரும்புதூரில் ரூம் போட்டுவிட்டு மயிலாப்பூர் பார்க்கிற கதை.

டூர்க்காரர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது. ரோமின் பழைய நகருக்குள் டூரிஸ்ட் பஸ்கள் இஷ்டத்துக்கு நுழையக் கட்டுப்பாடு உண்டு. நாற்பது பேரையும் அவர்களின் நாற்பது பெட்டிகளையும் இறக்க ஒரு பஸ் நிற்க வேண்டுமென்றால், வெளியேதான் போக வேண்டும். வாடகையும் அங்கே குறைவு. அவர்கள் கணக்குப்படி அது சரி. ஆனால் அதற்கு 'ரோம்' என்று பெயர் வைக்கும்போதுதான் இடிக்கிறது. காலை ஏழரைக்கு பஸ் ஏறினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் ரூம். நடுவில் அந்த அம்மா கால் நீட்டி உட்கார ஒரு இடம் கிடையாது.

சரி, நாமே ரூம் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் அவசரம். இத்தாலி விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எங்கே தங்கப்போகிறீர்கள் என்று காகிதம் காட்ட வேண்டும். கண்ணால் பார்க்காத ஊரில், நடந்து பார்க்காத தெருவில், ஒரு வாக்கியத்தையும் ஆறு போட்டோக்களையும் வைத்து முடிவெடுக்க வேண்டும். ஆக, இந்த இடத்தில் நீங்களும் நானும் விமரிசகர்கள்தான். வேறு வழியில்லை.

ரோம் என்றால் நம் மனசில் ஓடுகிற படம் வில்லியம் வைலர் எடுத்து 1953ல் வெளிவந்த 'ரோமன் ஹாலிடே'. பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருக்கிறீர்கள். 1994ல் வந்த 'மே மாதம்' அதன் தமிழ்ச் சாயல்தான். பெரிய இடத்துப் பெண் கட்டுப்பாட்டிலிருந்து தப்பித்து, ஒரு பத்திரிகைக்காரனோடு நகரத்தைச் சுற்றிப் பார்க்கிற கதை. கோடைகால நகரப் பயணம் என்ற ஆசையை உலகத்துக்கே விற்ற படம் இது. அதை நான் காதல் கதையாகப் பார்ப்பதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இப்போது பார்த்தால் அது ரூம் போடுவதைப் பற்றிய படமாகத் தெரிகிறது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இளவரசி ஆனுக்கு முதலில் கிடைப்பது மாளிகை. ஊருக்கு நட்ட நடுவில், ஆளுயரக் கதவுகள், சாமரம் வீசாத குறை. ஆனால் அங்கிருந்து அவளால் ரோமைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்கும் பாட்டுச் சத்தம்தான் அவளுக்கு ரோம். தப்பித்து வந்து, அசதியில் தெருவோரச் சுவரில் படுத்துத் தூங்கி, கடைசியில் வந்து சேர்வது மார்குட்டா தெரு 51ஆம் எண்ணில் ஜோவின் ஒற்றை அறை. உள்ளே நுழைந்ததும் இது லிஃப்டா என்று கேட்கிறாள். அவ்வளவு சின்னது! ஆனால் பாருங்கள், அந்த அறைக்குக் கீழே படிக்கட்டைக் காவல் காக்க ஒரு ஆள் இருக்கிறார். வேலை செய்யும் அம்மா வந்து உரிமையோடு திட்டுகிறாள். பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் நடமாடுகிறார்கள். கதவைத் திறந்து கீழே இறங்கினால் ஐந்தாறு நிமிஷ நடையில் ஸ்பானிஷ் படிக்கட்டு. அங்கிருந்து ட்ரெவி நீரூற்று பத்து நிமிஷம். இன்னொரு பத்து நிமிஷத்தில் பாந்தியன். படத்தில் அவள் முடி வெட்டிக்கொள்வது, ஐஸ்கிரீம் சாப்பிடுவது, காபிக்கடை வாசலில் உட்காருவது எல்லாம் இந்தச் சின்ன வட்டத்துக்குள்தான். வைலர் எந்த விளக்கமும் தராமல் சொல்லிவிட்டார்: மாளிகையும் மையத்தில்தான் இருந்தது, அறையும் மையத்தில்தான் இருந்தது. இறங்கி நடக்க முடிந்தது ஒன்றிலிருந்துதான்.

இவ்வளவு புகழ்ந்தாச்சு. இப்போது குறை. இந்தப் படத்தில் யாருக்கும் வேர்ப்பதில்லை.

1952 கோடையில், ரோம் தெருக்களிலேயே எடுத்த படம் அது. ஆனால் கறுப்பு வெள்ளைக்கு வெயில் தெரியாது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆட்ரி ஹெப்பர்ன் கழுத்துப் பட்டனையும் கையையும் பூட்டிய முழுக்கைச் சட்டையோடு கிளம்புகிறார். போகப் போகக் கையை மடித்துவிடுகிறார். படம் முழுவதும் கோடைக்குக் கொடுத்த மரியாதை அந்த ஒரு மடிப்புதான். இன்றைய நிஜம் வேறு. ஜூலையில் ரோமின் சராசரிப் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. 'பூ, இவ்வளவுதானா' என்று வேலூர்க்காரர்கள் சிரிக்கலாம். 2023 ஜூலை 18 அன்று ரோமில் கிட்டத்தட்ட 42 டிகிரி அடித்தது. வேலூரில் 42 டிகிரியில் நாம் தெருவில் கல் பாவிய தரையில் ஐந்து மணி நேரம் நடப்பதில்லை. ஃபேனுக்கு அடியில் மோர் குடித்துக்கொண்டிருப்போம். டூரிஸ்ட் நடப்பான். பணம் கட்டியிருக்கிறானே!

படத்தில் இளவரசி ஐஸ்கிரீமோடு நிற்கும் அந்த ஸ்பானிஷ் படிக்கட்டில் 2019லிருந்து உட்காரத் தடை. உட்கார்ந்தால் அபராதம். மூட்டுவலிக்காரர்களுக்கு இது சினிமா செய்தியில்லை, மருத்துவச் செய்தி. ஊரில் உட்காருவதற்கு இலவசமாக இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. காபிக்கடையில் மேஜைக்கு உட்கார்ந்தால் ஒரு விலை, நின்று குடித்தால் ஒரு விலை.

ஆக, கோடையில் ஹோட்டலின் மையத்தன்மையை அளக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்பேன். மதியம் ஒரு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

இதை ரோமாபுரிக்காரரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம். மதுரைக்குப் போனால் அந்தக் காலத்தில் எங்கே ரூம் போட்டார்கள்? ரயில்வே ஸ்டேஷனுக்கும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில். ஏன்? பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் மூன்றரை மணி நேரம் குழந்தை குட்டிகளோடு எங்கே போவது? ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு மறுபடி சாயந்திர தரிசனம். 'சிட்டி சென்டர்' என்ற வார்த்தையே தெரியாமல் அவர்கள் மையத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ரோமும் கோயில் ஊர்தான். அங்கேயும் நடை சாத்துகிறார்கள்! செயின்ட் பீட்டர்ஸ் மாதிரிப் பெரிய பசிலிக்காக்கள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் சின்னத் தேவாலயங்கள் பலவும் நடு மதியத்தில் மூடிவிட்டுப் பிற்பகலில்தான் திறக்கும். பாந்தியனுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி என்ற தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வேண்டியவற்றைச் சும்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மதியம் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது உள்பட எல்லாம் நம்ம ஊர் வழக்கம்தான்.

இன்னொரு விஷயம். ஜூன் கடைசியில் ரோமில் சூரியன் மறைய ராத்திரி எட்டே முக்கால் ஆகும். காலை எட்டரைக்குக் கொலோசியம் திறக்கும்போது உள்ளே போய்விட்டால் பதினொன்றரைக்கு அலுத்துவிடும். ரூமுக்கு வந்து படுத்து, ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தால் முழுசாக நாலு மணி நேரம் பகல் பாக்கி இருக்கிறது. அதுவும் நல்ல பகல், கட்டடமெல்லாம் பழுப்புத் தேன் நிறத்தில் இருக்கும் பகல். வட்டச்சாலைக்கு அப்பால் தங்கியிருப்பவருக்கு இந்த இரண்டாவது நாள் கிடைக்காது. அவருக்கு ஒரே நாள். உங்களுக்கு ஒரு தேதியில் இரண்டு நாள். மையத்தில் கொடுக்கிற கூடுதல் வாடகைக்கு நிஜமான சரக்கு இதுதான். ஜன்னல் காட்சி இல்லை, முகவரிப் பெருமை இல்லை.

மையம் எது என்பதிலும் ஒரு தமாஷ் இருக்கிறது. ஆப்பில் 'மையத்திலிருந்து 1.2 கி.மீ.' என்று போட்டிருப்பான். எந்த மையம்? கி.மு. 20ல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி ரோமன் ஃபோரத்தில் ஒரு பொன் மைல்கல்லை நாட்டினார். சாம்ராஜ்யத்தின் சாலைகள் எல்லாம் அங்கிருந்து தொடங்குவதாக ஐதீகம். அதை மையம் என்று வைத்துக்கொண்டால், உங்களைச் சுற்றி இருப்பது உடைந்த தூண்களும் டிக்கெட் கவுண்டரும்தான். ஒரு டீ கிடைக்காது. டெர்மினி ரயில்வே ஸ்டேஷன்தான் மையம் என்று நினைத்தால், ஏர்போர்ட் ரயில் 32 நிமிஷத்தில் அங்கே கொண்டுவந்து விடும். இரண்டு மெட்ரோ பாதைகள் அங்கே சந்திக்கின்றன. கொலோசியம் இரண்டாவது ஸ்டாப். வசதிதான், வாடகையும் கம்மிதான். எஸ்க்விலினோ மார்க்கெட்டில் பருப்பு, கொத்தமல்லி, பச்சை மிளகாய்கூடக் கிடைக்கும். ஆனால் சாயந்திரம் கீழே இறங்கினால் நீங்கள் பார்க்க வந்த ரோம் அங்கே இருக்காது. ஸ்டேஷன் பக்கத்துத் தெரு உலகம் பூராவும் ஒரே மாதிரிதான்.

என் ஓட்டு பாந்தியனுக்கும் நவோனா சதுக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சந்துகளுக்கு. சமதளம். நாலா பக்கமும் பார்க்க வேண்டியவை. மதியம் திரும்பி வர எந்தத் திசையிலிருந்தும் கால் மணி, இருபது நிமிஷம். மெட்ரோ கிடையாது என்பது குறை, பஸ் உண்டு. அந்த வாடகை கட்டுப்படியாகாது என்றால் மோன்டி. பழைய காலத்து சுபுரா, அதாவது ரோமின் ஏழை ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. ஜூலியஸ் சீசர் வீடும் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. கொலோசியம் நடக்கும் தூரம், காவூர் மெட்ரோ பக்கத்திலேயே. ஆனால் மேடும் பள்ளமுமான தெருக்கள், முட்டிக்கு ஆகாது. முட்டிதான் முக்கியம் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ப்ராத்தி. அகலமான நடைபாதை, வாடிகன் பக்கம், மெட்ரோவும் உண்டு. கொஞ்சம் அண்ணாநகர் மாதிரி சப்பென்று இருக்கும். இருந்தால் என்ன? த்ராஸ்தேவேரே என்று எல்லா கைடு புத்தகமும் உருகும் பகுதி அழகுதான், சந்தேகமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே பாட்டுக் கச்சேரி நடந்தால் ரசிக்கிற வயசாக இருந்தால் போங்கள்.

ஜன்னல் என்றதும் ஞாபகம் வருகிறது. ரூமைப் பற்றி எழுதப்பட்ட புகழ்பெற்ற நாவல் ஒன்றின் தலைப்பிலேயே ஜன்னல் காட்சி இருக்கிறது. ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1908ல் எழுதிய 'எ ரூம் வித் எ வியூ'. ஊர் மட்டும் வேறு, ஃப்ளாரன்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த லூசியும் அவளுடைய அக்கா முறை ஆகிற மிஸ் பார்ட்லெட்டும் முதல் பக்கத்திலேயே புலம்புகிறார்கள். ஆற்றைப் பார்த்த தெற்கு அறை தருவதாகச் சொல்லிவிட்டு, உள் முற்றத்தைப் பார்த்த வடக்கு அறையைக் கொடுத்துவிட்டார்களாம். நூறு வருஷத்துக்கு முந்தைய கஸ்டமர் ரிவ்யூ! சாப்பாட்டு மேஜையில் ஒரு கிழவரும் அவர் மகனும் எங்கள் அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அதிலிருந்து கதை கிளம்புகிறது.

அருமையான நாவல். ஆனால் அறை விஷயத்தில் ஃபார்ஸ்டர் நம்மைக் கெடுத்துவிட்டார். காட்சி இருக்கும் அறை விசாலமான மனசுக்கும், காட்சி இல்லாத அறை மூடிய மனசுக்கும் அடையாளம் என்று அவர் வைத்தது நமக்குள் ஊறிப்போய்விட்டது. அதனால்தான் 'வியூ' என்ற ஒரு சொல்லுக்கு முப்பது, நாற்பது யூரோ அதிகம் கேட்டாலும் கொடுக்கிறோம். அவர் கதை நடப்பது வசந்த காலத்தில் என்பதை மறந்துவிட்டோம். ஜூலையில், இத்தாலியில், தெற்கு பார்த்த ஜன்னல் என்றால் பகல் பூராவும் வெயில் உள்ளே வந்து கட்டிலில் படுத்திருக்கும். வடக்கு பார்த்த, முற்றத்துப் பக்கத்து அறைதான் குளிர்ச்சி. ஸ்கூட்டர் சத்தமும் கிடையாது. ஒரு மணிக்குப் படுத்துத் தூங்க வந்த ஆளுக்கு ஆறு எதற்கு? மிஸ் பார்ட்லெட் மட்டும் கோடையில் போயிருந்தால் அறையை மாற்றியிருக்கவே மாட்டார். கதையும் நடந்திருக்காது, அது வேறு விஷயம்.

மூன்றாவதாக ஒரு படம். டேவிட் லீனின் 'சம்மர்டைம்', 1955. இது வெனிஸ். ஓஹையோவிலிருந்து காசு சேர்த்து சேர்த்து வந்த ஒரு நடுவயது செக்ரட்டரி, காதரின் ஹெப்பர்ன். முந்தைய ஹெப்பர்னுக்கு உறவில்லை. மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஏனென்றால் இதில் கதாநாயகிக்கு எல்லாமே சரியாகக் கிடைத்துவிடுகிறது. கால்வாயைப் பார்த்த மொட்டைமாடி, நல்ல ரூம், அன்பான சொந்தக்காரி. அப்புறமும் சாயந்திரமானால் சதுக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியை மேஜையில் சாய்த்துவைக்கிறாள், யாரோ வரப்போகிறார்கள் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று. அந்த நாற்காலிக்காகவே படத்தைப் பார்க்கலாம். அதே விடுதியில் ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி, டூர் கம்பெனி போட்டுக் கொடுத்த அட்டவணையோடு ஓடிக்கொண்டே இருப்பார்கள். 1955லேயே பேக்கேஜ் டூர் கேலிப்பொருள்!

ஆனால் லீன் காட்டிய வெனிஸில் அந்த விடுதிக்காரி ஃபியோரினி அம்மாவைப் போல ஆட்கள் குடியிருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் வெனிஸின் பழைய தீவு நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர். 2022ல் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் எல்லாம் டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகை அறைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. 2024லிருந்து குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள், ஏதோ பொருட்காட்சி மாதிரி. பார்ஸிலோனா மேயர் 2024ல் ஓர் அறிவிப்பு செய்தார்: 2028க்குள் நகரத்தில் டூரிஸ்ட் ஃப்ளாட்டுகளுக்கான பத்தாயிரத்துச் சொச்சம் லைசென்ஸும் ரத்து. ஆர்தர் ஃப்ராமர் 1957ல் 'ஒரு நாளைக்கு ஐந்து டாலரில் ஐரோப்பா' என்று புத்தகம் போட்டு, சின்ன விடுதியில் தங்கு, அந்த ஊர் ஜனங்களோடு பழகு என்றார். நல்ல மனுஷன், 2024ல்தான் காலமானார். ஆனால் அவர் சொன்ன ஜனங்கள் இப்போது மையத்தில் இல்லை, ரயிலேறிப் புறநகருக்குப் போய்விட்டார்கள். 

நம்முடைய வாக்கியத்துக்கு நான் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு இதுதான். இதயப் பகுதி என்கிறான். இதயத்தில் ரத்தம் ஓட வேண்டாமா? காலையில் ரொட்டி வாங்கப் போகும் கிழவியும், பள்ளிக்கூடப் பையன்களும், செருப்புத் தைக்கும் கடையும் இல்லாத இடத்தை எப்படி இதயம் என்பது? நாம் நாலு நாள் தங்கப் போவதால்தான் எல்லாம் கெட்டது என்று மார்பில் அடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவ்வளவு வசதி நமக்கு வந்து பத்திருபது வருஷம்தான் ஆகிறது. கெடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் வாசலில் எண் பூட்டுப் பெட்டி தொங்கும் யாரோ ஒருவரின் பழைய வீட்டைவிட, மேஜைக்குப் பின்னால் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கும் சின்ன ஹோட்டல் மேல் என்பது என் கட்சி. ராத்திரி இரண்டு மணிக்கு மூட்டு வீங்கினால் எண் பூட்டு ஐஸ் கட்டி தராது.

இனி காரியத்துக்கு வருவோம். நம் பள்ளி லீவு மே மாதம். ரோமுக்கு அது கோடையே இல்லை, சென்னை மார்கழி மாதிரி இருக்கும். வாடகைதான் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்டில் வாடகை இறங்கும், வெயில் ஏறும். ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் விடுமுறை என்பதால் அந்த வாரம் குடும்பக் கடைகள் பலவும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். தெருவோரம் இரும்புக் குழாய்களில் குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும், ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500. பாட்டிலை மட்டும் கொண்டுபோங்கள். ரூம் விலையைப் பார்க்கும்போது நகர வரியைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் உயர்த்திய கணக்குப்படி மூன்று நட்சத்திர ஹோட்டலில் தலைக்கு, ஒரு ராத்திரிக்கு 6 யூரோ. நாலு நட்சத்திரம் என்றால் ஏழரை. இதைக் கடைசியில் ஹோட்டலில்தான் வாங்குவார்கள்.

அடுத்து ரிவ்யூ படிக்கிற கலை. ஐந்து நட்சத்திரம் போட்டவர் தேனிலவுக்குப் போனவர், ஒரு நட்சத்திரம் போட்டவர் சண்டைக்காரர். மூன்று போட்டவர்தான் நம்ம ஆள். அவர் எழுதியதில் படி, லிஃப்ட், ஏ.சி., சத்தம் என்ற நாலு வார்த்தைகளைத் தேடுங்கள். 'பழமையின் அழகு மிக்க கட்டடம்' என்று ஹோட்டல்காரர் எழுதியிருந்தால் லிஃப்ட் பின்னால் செருகியது, இரண்டு பேருக்குமேல் ஏறாது என்று அர்த்தம். அங்கே ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பது நம்மைப் போலவே ஒரு மாடி ஏறித்தான். பல சின்ன ஹோட்டல்கள் ஒரே கட்டடத்தின் மூன்றாவது, நாலாவது மாடியில் மட்டும் இருக்கும். லிஃப்டுக்குப் போகவே எட்டுப் படி ஏறச் சொல்வார்கள்.

தலைமையாசிரியரிடம் மூன்று ஹோட்டல்களுக்கு ஈமெயில் எழுதச் சொன்னேன். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? ஏ.சி. வாடகையில் சேர்த்தியா, தனியா? முற்றத்துப் பக்கத்து அறை கிடைக்குமா? அப்புறம் முக்கியமான ஒன்று, ரூம் கூட்டிப் பெருக்கி முடிக்க எத்தனை மணி ஆகும்? பன்னிரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், வாசலில் துடைப்பமும் தள்ளுவண்டியும் நிற்கக்கூடாது பாருங்கள். ஒரு ஹோட்டலிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றிலிருந்து அச்சடித்த மாதிரி நன்றியும் இதயப் பகுதியும் வந்தது. மூன்றாவது ஹோட்டலில், காலையில் வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போனால் உங்கள் அறையை முதலில் சுத்தம் செய்துவிடச் சொல்கிறேன், படி மூன்று, கைப்பிடி உண்டு என்று எழுதியிருந்தார்கள். முன்பணத்தை அவர்களுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்.